ஒரே குழம்பு, மூன்று தட்டு

கேள்வி: எனக்கு 32 வயது. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள், ஷிப்ட் மாறி மாறி வரும். மகளுக்கு 4 வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு 9 மாதம். இதுவரை அம்மாதான் எங்களோடு இருந்து சமைத்தார்கள். தங்கச்சி பிரசவத்துக்காக இப்போது கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள், திரும்பி வர ஐந்தாறு மாதம் ஆகும். பகலில் மாமியார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். முட்டுவலி, அடுப்படியில் நிற்க முடியாது. எனக்கு டீ போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. யூடியூப் பார்த்துச் சமைக்கிறேன். ஒரு நாள் பருப்பு வேகவில்லை, ஒரு நாள் குழம்பு உப்புக் கரித்தது. அம்மாவைப் போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'கண்ணளவுதான்' என்கிறார்கள். மகள் நான் வைப்பதைத் தொடுவதில்லை, தயிர்ச்சோறும் அப்பளமும்தான். மகனுக்குப் பருப்புத் தண்ணி கொடுக்கிறோம். அவனுக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமா? காலையில் வைத்ததை ராத்திரி வரை வைத்துச் சாப்பிடலாமா? சொந்தக்காரர்கள் வேறு 'ஏல, நீயா அடுப்படியில நிக்க?' என்று சிரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உணவியல் ஆலோசகர்

தம்பி,

இதுவரை என்னென்ன சமைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீடியோ பார்த்துத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு, புதன் வெஜிடபிள் பிரியாணி என்றுதான் போவார்கள். ஒன்று கெட்டுப்போனால் மறுநாள் அதையே திரும்ப வைப்பதில்லை, வேறொன்றுக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் எங்கே பிசகியது என்பது கடைசி வரை தெரியாமலே போகிறது. நான் சொல்வது இதுதான்: அடுத்த மூன்று வாரம் மதியத்துக்கு ஒரே குழம்பை வையுங்கள். காய் மட்டும் மாறட்டும்.

எந்தக் குழம்பு என்றால், நம் ஊர்ப் புளியில்லாக் குழம்பு. அம்மா கட்டாயம் வைத்திருப்பார்கள். பருப்பு, ஒரு காய், தேங்காயும் சீரகமும் சேர்ந்த அரைப்பு, கடைசியில் ஒரு தாளிதம். தடியங்காய் (வெள்ளைப்பூசணி), புடலங்காய், சுரைக்காய், முருங்கைக்காய், எது கிடைத்தாலும் சரி. சுலபம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ரசம் இதைவிடச் சுலபம். இந்தக் குழம்பில் உப்பும் காரமும் தாளிதமும் பின்னால்தான் வருகின்றன. சாம்பாரில் பொடி முதலிலேயே காயோடு சேர்ந்து கொதித்துவிடும், அப்புறம் குழந்தைக்கென்று எதையும் பிரித்தெடுக்க வழியில்லை. புளியில்லாக் குழம்பை இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி எடுத்தால், 9 மாதக்காரனுக்கும் 4 வயதுக்காரிக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனியாகச் சாப்பாடு ஆகிவிடும். மகனுக்கென்று வேறு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

அளவோடு சொல்கிறேன். 200 மில்லி பிடிக்கிற ஒரு டம்ளரை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். டம்ளர் மாறினால் கணக்கும் மாறும். மாமியாரையும் சேர்த்தால் மதியத்துக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு போதும். கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டேகால் டம்ளர் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குக்கரில் வையுங்கள். எண்ணெய் விடுவது நுரையை அடக்க. பருப்பு நுரை பொங்கி ஆவி வரும் துளையை அடைத்தால் ஆபத்து. அதனால்தான் பருப்போ அரிசியோ வைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது. நடுத்தரத் தீயில் நான்கைந்து விசில் வந்ததும் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடுங்கள். அவசரத்தில் வெயிட்டைத் தூக்காதீர்கள். சின்னப் பிள்ளை காலடியில் ஓடுகிற வீடு.

பருப்பு வேகிற நேரத்தில் கால் கிலோ காயை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் இன்னொரு சட்டியில் வேகவையுங்கள். குக்கரில் பருப்போடு சேர்த்துப் போட்டால் தடியங்காய் கரைந்து காணாமல் போய்விடும். காய் வெந்ததும் பருப்பை மசித்து அதில் சேருங்கள். இங்கே முதல் நிறுத்தம். ஒரு கரண்டிப் பருப்பும் இரண்டு துண்டு காயும் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவிடுங்கள். உப்பு இன்னும் விழவில்லை. இது மகனுடையது.

அப்புறம் அரைப்பு. அரைமூடித் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். நைசாக அரைத்து, இரண்டு கரண்டி அரைப்பை மிக்ஸியிலேயே விட்டுவிட்டு மிச்சத்தைச் சட்டியில் ஊற்றி உப்புப் போடுங்கள். ஒரு கொதி வந்ததும் இரண்டாவது நிறுத்தம், மகளுக்கு ஒரு கிண்ணம். வெந்நீரில் ஊறவைத்த மூன்று மிளகாய் வத்தலை மிக்ஸியில் கிடக்கிற அரைப்போடு சேர்த்து அரைத்து, மீதிக் குழம்பில் ஊற்றி இன்னொரு கொதி விட்டால் அது உங்களுக்கு. வத்தலை முதலிலேயே தேங்காயோடு வைத்து அரைப்பதுதான் வழக்கம். மாமியார் பார்த்தால் 'இதென்ன புதுசா இருக்கு' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தேங்காயெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்கிவிடுங்கள். தேங்காய் சேர்ந்த பிறகு குழம்பை நெடுநேரம் கொதிக்கவிட்டால் திரிந்த மாதிரி ஆகிவிடும்.

இனி, வேகாத பருப்பு. உங்கள் கை மேல் தப்பில்லாமலே இது நடந்திருக்கலாம். வீட்டில் எந்தத் தண்ணீரில் பருப்பு வைக்கிறீர்கள்? பாளையில் பல வீடுகளில் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரும் உண்டு, போர் தண்ணீரும் உண்டு. சமையலறைக் குழாயில் போர் தண்ணீர் வந்தால் அங்கேதான் சிக்கல். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்கிற பொருள். அது கரைந்தால்தான் பருப்பு மசியும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் அந்தப் பெக்டின் கரையாமல் இறுகிவிடும். புளியும் தக்காளியும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன; சாம்பார் வைக்கும்போது பருப்பும் காயும் வெந்த பிறகே புளித்தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். நீங்கள் குடிக்கிற தண்ணீரிலேயே பருப்பை வேகவையுங்கள். பருப்பு பழசாக இருந்தாலும் வேகாது. ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி அடுக்காமல், அந்தந்த மாதத்துக்கு வாங்குங்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு குழம்புக்குத் தாராளமாகப் போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறட்டும்.

அரிசியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். குண்டு அரிசி, குழைய வெந்து குழந்தைக்கு மசிக்க வசதியாக இருக்கும். புழுங்கலரிசி என்றால் அரைமணி ஊறவைத்து ஒன்றுக்கு மூன்று தண்ணீர். பச்சரிசிக்கு இரண்டரை. உங்கள் குக்கருக்கும் உங்கள் அரிசிக்கும் சரியான கணக்கு நான்கைந்து நாளில் பிடிபட்டுவிடும். பிடிபட்டதும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், மனைவிக்கும் உதவும்.

உப்புக் கரித்த குழம்புக்கு வருகிறேன். ஒரு லிட்டர் குழம்புக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பில் தொடங்குங்கள். குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். அம்மா கல்லுப்புப் போட்டுப் பழகியவர்களாக இருந்தால் அவர்கள் சொல்கிற கரண்டிக் கணக்கு தூள் உப்புக்குப் பொருந்தாது. கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டிக் கல்லுப்பு எடையில் குறைவு. தூத்துக்குடி பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேராத கல்லுப்பு நமக்குச் சுலபமாகக் கிடைக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அயோடின் சேர்ந்ததா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். உப்புக் கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பைத் தனியாகப் பிரித்து உறிஞ்சாது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. அடிப்பிடித்தால் சுரண்டாமல் மேலே இருப்பதை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

அம்மாவின் கண்ணளவு விஷயத்தில் நீங்கள் கேள்வியை மாற்ற வேண்டும். 'எவ்வளவு போடணும்' என்றால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. அவர்கள் அளந்ததே இல்லை. 'எப்படி ஆனதும் இறக்குவீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், கொட்டுவார்கள். ரசம் கொதிக்கக் கூடாது, ஓரத்தில் நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கடுகு வெடித்து அடங்கிய பிறகே கறிவேப்பிலை. தேங்காய் அரைப்பில் பச்சை வாசம் போனதும் அடுப்பை அணைக்கலாம். வத்தக்குழம்பு என்றால் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்க வேண்டும். காதும் மூக்கும் கண்ணும் சொல்கிற இந்தச் செய்திகளை மூன்று நிமிட வீடியோ வெட்டி எறிந்துவிடுகிறது. வெங்காயம் வதங்க எடுக்கிற பத்து நிமிஷம் அதில் மூன்று விநாடி. வீடியோவைக் காய் நறுக்கப் பழக மட்டும் பாருங்கள்.

அதுவும் போக, உங்கள் வீட்டிலேயே பகல் முழுவதும் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியாரால் நிற்கத்தானே முடியாது? ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, அடுப்படி வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். 'அத்தை, வாசம் சரியா வந்திருக்கா' என்று கேட்டால் போதும். மருமகனுக்கு அவர்களாக முன்வந்து திருத்தம் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்கள் கேட்டால் சொல்லுவார்கள். முருங்கைக்கீரை உருவுவது, உள்ளி உரிப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலைகள். அவர்களுக்கும் சும்மா இருக்கிற சங்கடம் குறையும்.

இப்போது மகன். பருப்புத் தண்ணியை இன்றோடு நிறுத்துங்கள். பருப்பின் சத்தெல்லாம் அடியில் இருக்கிற பருப்பில்தான். மேலே தெளிந்த தண்ணியில் வயிறு நிறையுமே தவிர உடம்பு பிடிக்காது. 6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கிற இரும்புச்சத்து போதாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் எடுத்துவைத்த பருப்பையும் காயையும் குழைந்த சோற்றோடு கையால் மசியுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதம். மிக்ஸியில் அடிக்காதீர்கள், 9 மாதத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் நாக்கில் பட்டால்தான் மெல்லப் பழகுவான். ஒரு தேக்கரண்டி நெய்யோ தேங்காயெண்ணெயோ விடுங்கள். 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம் ஒரு வேளைக்கு, நாளைக்கு மூன்று நான்கு வேளை, இடையில் வாழைப்பழம் மாதிரி ஏதாவது ஒன்றிரண்டு தடவை. தாய்ப்பால் தொடரட்டும்.

முழுதாக வெந்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். முருங்கைக்கீரையை நன்றாக வேகவைத்துக் குழம்புப் பருப்போடு மசித்துக் கொடுக்கலாம், மேலே இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். ஒரு வயது வரை உப்பு, சீனி, கருப்பட்டி மூன்றும் வேண்டாம். தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. நாக்கில் தேன் தடவும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பைத் துவளச் செய்துவிடும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் சிக்கும், மகளுக்குமே இடித்தோ நறுக்கியோ கொடுங்கள்.

மகள் விஷயத்தில் நீங்கள் மனம் தளர ஒன்றுமில்லை. ஆச்சி வைத்த ருசி போய் வேறு ருசி வந்திருக்கிறது. ஆச்சியும் கூடவே ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு புதுச் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேல்கூட அது தட்டில் வர வேண்டியிருக்கும். ஒரே குழம்பை மூன்று வாரம் வைக்கச் சொன்னதில் இந்த லாபமும் உண்டு. அந்தக் குழம்பில் இரண்டு கரண்டி, பக்கத்தில் அவளுக்குப் பிடித்த தயிர்ச்சோறு. என்ன வைப்பது, எத்தனை மணிக்கு வைப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். துரத்தித் துரத்தி ஊட்டினாலும், போனைக் காட்டி ஊட்டினாலும் அந்த வேளை ஓடிவிடும், பழக்கம் வராது. ஒன்று கவனியுங்கள்: சாயங்காலம் ஐந்து மணிக்கு பிஸ்கட்டும் பெரிய டம்ளர் பாலும் போனால் ஏழரைக்கு எந்தக் குழந்தைக்கும் பசிக்காது. பால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். அப்பளம் இருக்கட்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரித்த வாசம் வருகிற வீட்டில் ஒரு பிள்ளையிடம் அதைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கும் மனசு வராது. உப்பு அதிகம் என்பதால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

காலையில் வைத்தது ராத்திரி வரை தாங்குமா? நம் ஊர் வெயிலில் தேங்காய் அரைத்த குழம்பு தாங்காது. பெரியவர்கள் மதியத்தோடு முடித்துவிட வேண்டும். ராத்திரிக்கு வேண்டுமென்றால் காலையில் வேகவைத்த பருப்பில் பாதியைத் தேங்காயோ உப்போ சேர்க்காமல் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் புதிதாகத் தேங்காய் அரைத்து ஊற்றினால் பத்து நிமிஷத்தில் குழம்பு. தக்காளியும் நல்லமிளகும் தட்டிப் போட்டால் பருப்பு ரசம்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் உலைக் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. பெரியவர்கள் தண்ணீர் ஊற்றிப் பழையது சாப்பிடுவதில் நான் தலையிடவில்லை, கைக்குழந்தைக்கு அது வேண்டாம். மகனின் மதியச் சாப்பாட்டுக்கு அகன்ற வாய் உள்ள ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். கொதிக்கிற வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, சோறும் பருப்பும் ஆவி பறக்கும்போதே போட்டு மூடினால் நண்பகலிலும் சுடச்சுட இருக்கும். மாமியார் அடுப்புப் பக்கம் போகாமலே மசித்து, ஆறவைத்து ஊட்டலாம். அவன் மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது.

காலைக்கும் ராத்திரிக்கும் முதல் மாதம் கடையில் ஆட்டிய மாவு வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோசை சுடத் தெரிந்துகொண்டு அப்புறம் மாவு ஆட்டப் பழகலாம், நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். மகள் டிபன் பாக்ஸுக்கு இட்லியை நறுக்கி, காரம் குறைத்த பொடியும் நல்லெண்ணெயும் பிரட்டிக் கொடுங்கள். காய் வாங்க வாரம் இரு தடவை காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு ஒரு நடை. பாத்திரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம், இருக்கிற குக்கர், ஒரு அடிகனமான சட்டி, கூரான ஒரு கத்தி. காருக்குறிச்சி மண்சட்டி ஆசை எல்லோருக்கும் உண்டு. தீயை அடக்கப் பழகிய பிறகு வாங்கினால் உடையாது.

மூன்று வாரம் கழித்து எதைச் சேர்ப்பது என்றால், முதலில் உளுந்தம்பருப்புச் சோறு. மனைவி இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வருகிற நாளுக்கு இதைவிட நல்லது இல்லை. தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு நம் ஊரில் காலங்காலமாகச் செய்து கொடுப்பதும் இதுதான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் குறையாமல், அரை டம்ளர் வரை தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை வாசம் வர வறுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பல் வெள்ளைப்பூண்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடித் தேங்காய்த் துருவல், நான்கு டம்ளர் தண்ணீர், குக்கரில் நான்கு விசில். உப்பைக் கடைசியில் சேர்த்தால் மகனுக்கு முன்னாலேயே எடுத்துவைக்கலாம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வேறு வெஞ்சனம் தேவையில்லை.

அதற்கடுத்து மீன். மீன் குழம்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், கோழியைவிட அது சீக்கிரம் ஆகிற வேலை. குழம்பு கொதித்த பிறகு மீனைப் போட்டால் பத்து நிமிஷம், கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியை ஆட்டிவிட வேண்டும். சாளை (மத்தி) விலையும் குறைவு, சத்தும் அதிகம். முள்தான் பிரச்சினை, பிள்ளைகளுக்குப் பாறை மாதிரித் துண்டு போடுகிற மீனாக வாங்கி, விரலால் பிய்த்துத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அப்போது விலை ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டை கைகொடுக்கும். சொதிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். தேங்காயில் மூன்று பால் எடுத்து, கெட்டியான முதல் பாலை இறக்குகிற நேரத்தில் ஊற்ற வேண்டும், ஒரு கொதி கூடினாலும் திரிந்துவிடும். மறுவீட்டுப் பந்தியில் வைக்கிற சாப்பாடு, தீபாவளிக்கு முயற்சி பண்ணலாம்.

சிரிக்கிற சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்கு அவியலும் இடிசாம்பாரும் வைக்கிற தவசுப்பிள்ளைகள் எல்லாம் ஆண்பிள்ளைகள்தான். அந்தப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தானே இவர்கள்.

கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது: மகனின் எடை. 9 மாதத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இன்னும் போடவில்லை என்றால் அதற்குப் போகும்போது எடை பார்த்து, தாய்-சேய் நல அட்டையில் இருக்கிற வளர்ச்சிக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் வாரம் இரு முறை இரும்புச்சத்து சிரப் உண்டு, அதையும் அங்கேயே கேளுங்கள், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. கோடு போன முறையைவிடக் கீழே சரிந்திருந்தால் எனக்கு எழுதிக் காத்திருக்காமல், குழந்தை மருத்துவரிடம் நேராகக் காட்டிவிடுங்கள்.